இடது பக்கம் சாய்ந்த குரல்

தொலைபேசியை எடுத்ததும் எதிர்முனையில் இருப்பவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "பெட்டி செய்யிறவங்கதானே? ஆறடி வேணும். சாயங்காலத்துக்குள்ள கிடைக்குமா?" என்று கேட்பது அவ்வப்போது நடக்கும். அவளும் அதே தாழ்ந்த குரலில், "ஐயா, நாங்க செய்யிறது பாட்டு கேக்கிற பெட்டி. நீங்க கேக்கிறதுக்கு வேற ஆளைத்தான் பாக்கணும்" என்று சொல்லி வைத்துவிடுவாள். வைத்த பிறகுதான் சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பும் பாதியிலேயே நின்றுவிடும்.

அந்தத் தெருவில் அவளுக்குப் பெட்டிக்காரி என்று பெயர். அவள் கணவருக்குக் காதுக்காரர் என்று பெயர். இரண்டும் காரணப் பெயர்கள். மரம் அறுப்பது, இழைப்பது, ஒட்டுவது, விளிம்பை உருட்டித் தேய்ப்பது எல்லாம் அவள் கை. பெட்டி முடிந்ததும் மாடி அறையில் அதைப் பாட வைத்து, நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்து, "முகத்தை இன்னும் கொஞ்சம் சாய்", "உள்ள பஞ்சு அதிகம், ஒரு கை எடு" என்று சொல்வது அவர் காது. அவர் தலையை ஆட்டாமல் ஒரு பெட்டியும் அந்த வீட்டை விட்டுப் போனதில்லை.

வாங்க வருகிறவர்கள் எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான். பெட்டியின் முகம் ஏன் பின்னால் சாய்ந்திருக்கிறது, அழகுக்கா? அவள் விரலால் காட்டுவாள். "மேல இருக்கிற சின்ன ஸ்பீக்கர் பலகையோட ஒட்டி உக்காந்திருக்கு. கீழ இருக்கிற பெரிய ஸ்பீக்கர் குழியா உள்ள போயிருக்கு. நேரா நிக்க வெச்சா சின்னதோட சத்தம் முந்திக்கும், பெரியதோட சத்தம் பின்னால வரும். ஒரே குரல் ரெண்டா கிழிஞ்சு வந்து சேரும். முகத்தைச் சாய்ச்சா சின்னது பின்னால போயிடுது. ரெண்டும் கையைக் கோத்துக்கிட்டு ஒண்ணா வரும்."

"அப்ப எங்க உக்காந்தாலும் நல்லா இருக்குமா?"

"அதான் இல்ல. நீங்க எங்க உக்காருறீங்கன்னு முதல்ல சொல்லுங்க, அதுக்குத்தான் சாய்ப்பேன். எழுந்து நின்னீங்கன்னா குலைஞ்சு போகும். ஒரு பக்கமா நகர்ந்தீங்கன்னா கிட்ட இருக்கிற பெட்டி முந்திக்கிட்டு, பாடுறவரை அந்தப் பக்கம் இழுத்துக்கிட்டுப் போயிடும்."

இந்தச் சாய்வு அவர்கள் படித்துக் கண்டுபிடித்தது அல்ல. கதவும் ஜன்னலும் செய்யும் பட்டறையில் அவள் வேலை பார்த்த காலத்தில், பக்கத்து ரேடியோ கடையில் பழுது பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். இரண்டு பெட்டி செய்து தரச் சொன்னார். அவசரத்தில் அவள் அடிப்பலகையைக் கோணலாக அறுத்துவிட்டாள். இரண்டும் பின்னால் சாய்ந்து, வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றன. மறுநாளே அசட்டுச் சிரிப்போடு போய், "கொடுங்க, திருத்தித் தரேன்" என்றாள். அவர் பெட்டியின் முன்னால் கையை விரித்து மறித்துக்கொண்டார். "தொட்டுடாதீங்க. இந்தக் கோணல்லதான் உயிர் இருக்கு." அதற்கப்புறம் அவர் வேண்டுமென்றே வந்து வந்து போனதும், பட்டறையில் எல்லாரும் கேலியாக இருமியதும், கல்யாணத்தில் முடிந்ததும் தனிக்கதை. அந்த முதல் ஜோடியை மட்டும் அவர்கள் யாருக்கும் விற்கவில்லை. மாடி அறையில் மூலையில் துணி போர்த்தி வைத்திருந்தார்கள்.

குழந்தை இல்லை. வீட்டில் மூன்றாவது ஆள் அவருடைய அக்கா, அவளுக்கு அண்ணி. பின்கட்டு அறையில் துணி தைத்துக்கொண்டிருப்பாள். வாய் நீளம், மனசு அதைவிடப் பெரிது.

முதல் தடவை அவர் அதைச் சொன்னபோது மழை பெய்துகொண்டிருந்தது. புது ஜோடி ஒன்று பாடிக்கொண்டிருந்தது. அவர் கண்ணைத் திறந்தார்.

"குரல் இடது பக்கம் சாயுது."

அவள் நூலை எடுத்தாள். நாற்காலியின் முதுகில், காது உயரத்தில் ஓர் ஆணி அடித்திருப்பார்கள். அங்கிருந்து இரண்டு பெட்டிகளுக்கும் நூல் பிடித்துப் பார்த்தாள். இம்மி பிசகவில்லை.

"சரியாத்தாங்க இருக்கு."

"உன் நூலுக்குச் சரியா இருக்கு. என் காதுக்கு இல்ல."

காதுக்காரர் சொல்லுக்கு அந்த வீட்டில் மறுபேச்சு கிடையாது. வலது பெட்டியைப் பிரித்து, சின்ன ஸ்பீக்கருக்குச் சத்தம் கொஞ்சம் கூடப் போகும்படி செய்தாள். அவர் தலையை ஆட்டினார். பெட்டிகள் போயின. அடுத்த ஜோடியிலும் அதே குறை. அதற்கடுத்ததிலும். வலது பக்கத்துக்கு மட்டும் வேறு பலகை போட்டுப் பார்த்தாள். பஞ்சை மாற்றினாள். விளிம்பில் சத்தம் மோதி மறுபடி கிளம்புகிறதோ என்று இன்னும் உருட்டித் தேய்த்தாள். ஒவ்வொரு தடவையும் இரண்டு நாள் சரியாக இருக்கும். பிறகு ஒரு காலை அவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே முகத்தைச் சுளிப்பார். அந்தச் சுளிப்பைப் பார்த்ததும் அவள் மறுபடி வலது பெட்டியைப் பிரிப்பாள்.

கோபம் என்பதையே அறியாத மனுஷர் எரிந்து விழ ஆரம்பித்தார். மரக்கடைக்காரனை ஏசினார். வாசலில் போகும் வண்டிகளை ஏசினார். பேசிக்கொண்டிருக்கும்போதே "என்ன? என்ன?" என்று கேட்டார். "முணுமுணுக்காதே, வாயைத் திறந்து பேசு" என்றார். அவள் முணுமுணுக்கவில்லை. எப்போதும் வலது காதில் வைக்கும் தொலைபேசியை இப்போது இடது காதில் வைத்துக்கொண்டார். கதவைத் தாண்டும்போது வலது தோள் நிலையில் இடித்தது. ஒரு நாள் மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, படகில் நிற்பவர் மாதிரி கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

"என்னங்க, மயக்கமா?"

"படி வழுக்குது. துடைச்சு வைக்கக் கூடாதா?"

படி காய்ந்து கிடந்தது.

அண்ணி தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்காமலேயே சொன்னாள். "ஒரு பக்கமா கூப்பிட்டா வரார், இன்னொரு பக்கமா கூப்பிட்டா கல்லுப் பிள்ளையாராட்டம் உக்காந்திருக்கார் உன் புருஷன். கவனிச்சியா?"

"வேலை நினைப்புல இருப்பார், அண்ணி."

"நானும் அப்படித்தான் நினைக்கணும்னு பாக்கிறேன்" என்றாள் அண்ணி. ஊசி கடகடவென்று ஓடியது.

அப்போதுதான் அவள் அந்தக் காரியத்தைச் செய்தாள். அவர் கீழே முகம் கழுவிக்கொண்டிருந்தபோது, நாற்காலியை வலது பக்கமாக இரண்டு விரல் அளவுக்கு நகர்த்தி வைத்தாள். அவர் வந்து உட்கார்ந்தார். பாட்டு ஓடியது. முகம் மலர்ந்தது. "இன்னைக்குப் பாரு, நடுவுல வந்து நிக்குது. இப்பத்தான் உனக்குக் கை வந்திருக்கு" என்றார். அவளும் சிரித்தாள். நோயாளிக்குச் சர்க்கரைத் தண்ணீரை மருந்து என்று கொடுத்தவள் மாதிரி எழுந்து போய் அடுத்த பாட்டைப் போட்டாள். அடுத்த வாரம் இன்னும் இரண்டு விரல் நகர்த்தினாள். அப்புறம் ஒரு சாண். நாற்காலி யாருக்கும் தெரியாமல் வலது பக்கச் சுவரை நோக்கி ஊர்ந்துகொண்டே இருந்தது. ஏன் நகர்த்துகிறோம் என்று அவள் தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்று பயம்.

பல் டாக்டர் ஒருவர் ஒரு ஜோடி வாங்கிப் போயிருந்தார். ஒரு மத்தியானம் அவர் தொலைபேசியில் கூப்பிட்டார். நல்ல மனிதர், குறை சொல்லவே கூச்சப்பட்டார். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. பாடுறவங்க வலது பக்கச் சுவருக்குள்ள போயிட்டாங்க. என் காதுதான் சரியில்லையோன்னு வீட்டுல எல்லாரையும் உக்கார வெச்சுப் பாத்துட்டேன். எல்லாருக்கும் அப்படித்தான் கேக்குது."

கணவரிடம் சொல்லாமல் அவள் மட்டும் போனாள். டாக்டர் வீட்டுச் சோபாவின் நடுவில் உட்கார்ந்தாள். நூல் பிடித்தாள். தூரம் சரி. உயரம் சரி. பாட்டைப் போட்டதும் குரல் நடுவில் நிற்கவில்லை. வலது பெட்டியோடு போய் ஒட்டிக்கொண்டது. இரண்டு பெட்டிகளையும் இடம் மாற்றி வைத்தாள். இப்போது குரல் இடது பக்கம் போய் ஒட்டிக்கொண்டது. ஆக, கோணல் அறையில் இல்லை, பெட்டியில். பெட்டியை அப்படிச் செய்யச் சொன்னது காதுக்காரர். அவர் அதைத்தான் நடு என்று கேட்டிருக்கிறார்.

"என்னம்மா, முகமெல்லாம் வேர்த்திருக்கு? தண்ணி குடிக்கிறீங்களா?"

"வேண்டாங்க. பெட்டியை நான் சரி பண்ணித் தரேன்."

திரும்பி வருகிற வழியில் பேருந்து சத்தம், கடைத்தெரு சத்தம், எதுவும் அவள் காதில் ஏறவில்லை. ஒரு வருஷமாக வலது பக்கம் வலது பக்கம் என்று அவள் கூட்டிக்கொண்டே போனதெல்லாம் எங்கே போய் விழுந்தது? அவருக்குள் ஏதோ ஒன்று அதை விழுங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. விழுங்கிவிட்டு இன்னும் கேட்டிருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் மாடிக்குப் போய், மூலையில் இருந்த முதல் ஜோடியின் துணியை எடுத்தாள். அவற்றைத் திருத்தத்தான் அன்று அவர் விடவில்லையே. இரண்டையும் முன்னால் வைத்தாள். நாற்காலியைப் பழையபடி நடுவுக்கு இழுத்தாள். அது ஒரு முழத்துக்கு மேல் வந்திருந்தது.

"கொஞ்சம் மேல வாங்க."

அவர் வந்து பழைய பெட்டிகளைப் பார்த்தார். நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எங்க கேக்குது?"

"இடது பக்கம். சொல்லிக்கிட்டேதானே இருக்கேன்?"

பெட்டிகளை இடம் மாற்றினாள். "இப்ப?"

"இடது பக்கம்." அவர் குரல் உயர்ந்தது. "அப்ப அறையிலதான் கோளாறு. அந்தச் சுவரை இடிச்சாத்தான் சரியாகும்."

"நாற்காலியைத் திருப்பிக்கங்க. பெட்டிக்கு முதுகு காட்டி உக்காருங்க."

"எதுக்கு?"

"எனக்காக."

திருப்பி உட்கார்ந்தார். இதுவரை வலது கை இருந்த பக்கத்துக்கு இப்போது அவருடைய இடது கை வந்திருந்தது. பாட்டு ஓடியது. அவர் கண்ணை மூடவில்லை. "இப்பவும் இடது பக்கம்தான்" என்றார். அவருடைய வலது கை மெல்ல எழுந்து, வலது காதை மூடியது. பிறகு எடுத்தது. மறுபடி மூடியது. மூடினாலும் திறந்தாலும் அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அதைத்தான் அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பாட்டை நிறுத்து" என்றார்.

"டாக்டர்கிட்ட ஒரு நடை போயிட்டு வந்துடலாங்க."

"சளி பிடிச்சிருக்கு. தானா சரியாயிடும்."

"சளியா?"

"சளின்னு சொன்னேன்ல?"

எழுந்து கீழே போய்விட்டார். அந்த மாதம் முழுக்க அவர் மாடி ஏறவில்லை. அவளோடு சேர்ந்து பசை தடவினார், மரத்தூளைப் பெருக்கினார், தேவைக்கு மேல் பேசவில்லை. அவளும் வற்புறுத்தவில்லை. காலையில் அவர் கண் விழிக்கும்போது அவர் முகத்தைப் பார்ப்பாள். ஒரு கண் இன்னொன்றைவிடத் தாமதமாகத் திறக்கிற மாதிரி இருக்கும். தூக்கக் கலக்கம் என்று திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

திருத்திய பெட்டிகளை வாங்கிப் போகப் பல் டாக்டர் தானே வந்தார். பட்டறையில் ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்தார்கள். அண்ணி டீ கொண்டுவந்தாள். காதுக்காரர் குடித்துக்கொண்டே மரத்தைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அவர் உதட்டின் வலது ஓரத்திலிருந்து டீ வழிந்து, தாடையில் ஓடி, சட்டைக் காலரில் சொட்டியது. சூடான டீ. அவர் துடைக்கவில்லை. பேசிக்கொண்டே இருந்தார்.

டாக்டர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஐயா, ஒரு நிமிஷம். கண்ணை மூடிக்கங்க." தரையில் கிடந்த மரச்சுருள் ஒன்றை எடுத்து அவருடைய இடது கன்னத்தில் தொட்டார். "தெரியுதா?"

"கூசுது" என்றார் காதுக்காரர், சிரித்துக்கொண்டு.

வலது கன்னத்தில் தொட்டார். "இப்ப?"

"ம், தொடுங்க."

"தொட்டுட்டேன்."

அண்ணி தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். டாக்டர் எழுந்து, பெட்டிக்காரியிடம் மட்டும் சொல்கிற மாதிரி சொன்னார். "பெட்டி கிடக்கட்டும். என் வண்டி வெளிய நிக்குது. இன்னைக்கே போயிடலாம்."

பெரிய ஆஸ்பத்திரியில் காதுக்கான பெண் மருத்துவர் ஒருவர், இளம் வயதுதான், பொறுமையாகப் பார்த்தார். தலையில் ஒயர் ஒட்டி, காதில் டிக் டிக் என்று சத்தம் விட்டு, திரையில் ஓடிய கோடுகளைப் பார்த்தார்.

"எத்தனை நாளா இப்படி இருக்கு?"

"ரெண்டு மூணு வாரமா" என்றார் அவர்.

"ஒரு வருஷமா" என்றாள் அவள்.

அவர் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மருத்துவர் திரையைத் திருப்பிக் காட்டினார். "இடது காதுல சத்தம் விட்டா மூளை உடனே பதில் சொல்லுது. வலது காதுல விட்டா அதே பதில் தாமதமா வருது. ரொம்பக் கொஞ்சம்தான், நமக்குத் தெரியாத அளவு. ஆனா அந்தத் தாமதம் இருக்கக் கூடாது. வழியில நரம்பை ஏதோ அழுத்துது."

அவளுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. வாழ்நாள் முழுக்க அவள் துரத்தியது இந்தத் தாமதத்தைத்தான். முகத்தைச் சாய்த்தாள், விளிம்பைத் தேய்த்தாள், நாற்காலியை நகர்த்தினாள். அது பெட்டிக்கும் நாற்காலிக்கும் நடுவில் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரின் தலைக்குள் இருந்தது.

படம் எடுத்துப் பார்த்தார்கள். காது நரம்பின் மேல் ஒரு கட்டி. புற்று இல்லை, மெதுவாக வளர்கிற வகை என்றார்கள். ஆனால் நெடுநாள் வளர்ந்து பெரிதாகிவிட்டது; முகத்துக்குப் போகும் நரம்புகளை நெருக்கி, மூளைத்தண்டில் சாய ஆரம்பித்திருக்கிறது. எடுத்தே ஆகவேண்டும். எடுத்தால் அந்தக் காது போகும். முகத்தைப் பற்றி உறுதியாகச் சொல்ல முடியாது.

"முன்னாடியே வந்திருந்தா?" என்று கேட்டாள் அவள்.

மருத்துவர் படத்தை உறைக்குள் போட்டார். "சின்னதா இருந்திருக்கும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முந்தின காலை அவர் தானாக மாடிக்கு ஏறினார். அவள் பின்னாலேயே போனாள். அவர் நாற்காலியில் உட்காராமல் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்காலிக் கால்கள் இருந்த இடங்களில் வரிசையாகத் தடங்கள், ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்று, வலது சுவர் நோக்கி.

"என்னை மன்னிச்சுடுங்க. நான்தான் நகத்தினேன். நீங்க சந்தோஷமா இருக்கணும்னு... நான் அன்னைக்கே சொல்லியிருந்தா..."

"எனக்குத் தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"முதல் தடவை நகத்தினப்பவே தெரியும். கண்ணு நல்லாத்தானே இருக்கு? ஆணிக்கு நேரா எதிர்ல கதவோட தாழ்ப்பாள் தெரியும். அன்னைக்குத் தாழ்ப்பாள் தள்ளித் தெரிஞ்சுது." தடங்களைக் காலால் தேய்த்தார். "நீ நகத்தின வரைக்கும் எனக்கு ஒண்ணும் இல்லன்னு இருந்துக்கலாம். அதனால சும்மா இருந்தேன்."

"ரெண்டு பேரும் சேந்து..."

"ஆமா" என்றார். "ரெண்டு பேரும் சேந்துதான்."

கீழே அண்ணி பையில் துணிகளை அடுக்கிக்கொண்டே யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள். அவர் அந்தச் சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அறுவை சிகிச்சை காலையில் தொடங்கிச் சாயங்காலம் வரை போனது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. வலது காது போய்விட்டது. முகத்தின் அந்தப் பாதி, வீட்டுக்கு வந்த பிறகும் வெகுநாள் உறங்கிக் கிடந்தது. அவர் சிரித்தால் இடது பக்கம் மட்டும் சிரித்தது. பிறகு வலது பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக விழித்துக்கொண்டது, முழுவதுமாக இல்லை. முகத்து நரம்போடு ஒட்டியிருந்த சின்னத் துண்டு ஒன்றை எடுக்க முடியவில்லை, விட்டுவைத்திருக்கிறோம் என்றார்கள். வருஷத்துக்கு ஒருமுறை வந்து படம் எடுக்க வேண்டும். வளரலாம், வளராமலும் இருக்கலாம்.

பெட்டி வேலை நிற்கவில்லை. இப்போது அவர் பசை தடவுகிறார், திருகுகளை முடுக்குகிறார். நாற்காலியில் உட்கார்ந்து கேட்பது அவள். ஆரம்பத்தில் அவளுக்கு எல்லாமே சரியாக இருப்பதாகத் தோன்றியது. அதனாலேயே பயந்தாள், ஒவ்வொரு ஜோடியையும் இடம் மாற்றி வைத்துப் பார்த்தாள். குரல் நகராமல் நின்றால்தான் வெளியே அனுப்பினாள். பல் டாக்டர் இன்னும் இரண்டு பேரை அனுப்பிவைத்தார்.

ஒரு காது மட்டும் இருப்பவருக்குச் சத்தம் கேட்கும், எங்கிருந்து வருகிறது என்று தெரியாது. அவள் அடுக்களையிலிருந்து கூப்பிட்டால் அவர் வாசலுக்குப் போய்ப் பார்ப்பார். அதனால் அவள் எதிரே வந்து நின்ற பிறகுதான் பேசுகிறாள். வெளியே போனால் அவருடைய வலது பக்கமாக நடக்கிறாள்.

போன வாரம் படம் எடுக்கப் போனார்கள். எடுத்து முடித்து, முடிவைத் தொலைபேசியில் சொல்வதாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஆஸ்பத்திரி வாசலில் தெருவைக் கடக்கும்போது ஒரு லாரி ஹாரன் அடித்தது. வலது பக்கமிருந்து வந்தது லாரி. அவர் இடது பக்கம் பார்த்துவிட்டு, தெரு காலியாக இருக்கிறது என்று காலை எடுத்து வைத்தார். அவள் சட்டையைப் பிடித்து இழுத்தாள். பொத்தான் ஒன்று தெறித்து விழுந்தது. காற்று முகத்தில் அறைய லாரி போனது.

"எந்தப் பக்கம் வந்துச்சு?" என்று கேட்டார்.

"இந்தப் பக்கம்" என்றாள். அவருடைய சட்டையைப் பிடித்த கையை அவள் விடவில்லை. கைப்பைக்குள் தொலைபேசி அடிக்க ஆரம்பித்தது, ஆஸ்பத்திரியோ, ஆறடிப் பெட்டி கேட்கிறவரோ.

"கேக்குதா?" என்றாள்.

"கேக்குது. எங்கன்னுதான் தெரியல" என்றார்.

அவள் பையைத் திறந்தாள்.